44 வயதில் கம்பெனி மூடினால்? கத்ரினே லுண்டே பெட்டியைக் கட்டிய கதை

2025 ஜனவரியில் நார்வேயின் தெற்குக் கரையில் இருக்கும் கிறிஸ்தியான்சான் நகரில் ஒரு நிறுவனம் திவாலானது. நகரத்தின் மக்கள்தொகை ஒரு லட்சத்துச் சொச்சம்தான். திவால் ஆவதெல்லாம் இங்கே தினமும் நடக்கிற சங்கதி. ஆனால் இந்த நிறுவனம் அதற்குச் சில வருடங்கள் முன்புதான் 2021, 2022, 2023 என்று தொடர்ந்து மூன்று முறை ஐரோப்பாவிலேயே நம்பர் ஒன் என்று கோப்பை வாங்கியது. பெயர் வைப்பர்ஸ் கிறிஸ்தியான்சான். பெண்கள் ஹேண்ட்பால் கிளப்.

அன்றைக்கு வேலை இழந்தவர்களில் ஒருவருக்கு வயது 44. கத்ரினே லுண்டே, கோல்கீப்பர். ஐந்து மாதங்களுக்கு முன்புதான் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கியிருந்தார். ஒரு மாதத்துக்கு முன்பு, டிசம்பரில், வியன்னாவில் ஐரோப்பிய சாம்பியன்ஷிப் தங்கம். அந்தப் பதக்கத்தின் ரிப்பன் கசங்குவதற்குள் சம்பளம் கொடுக்கிற கிளப் இல்லை.

ஆபீஸ் கேன்டீனில் இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்குச் சோறு இறங்கவில்லை என்று சொன்னால் மிகை. ஆனால் ஒரு நிமிஷம் ஸ்பூன் நின்றது உண்மை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் விளையாட்டு. நம்ம ஊரில் கைப்பந்து என்றால் வாலிபால். அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஹேண்ட்பால் என்றே எழுதுகிறேன், தமிழ் ஆர்வலர்கள் மன்னிக்கவும். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் உள்ள உள்ளரங்கம். ஒரு அணிக்கு ஏழு பேர். கையால் பந்தைக் கடத்திக் கொண்டுபோய் 3 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரம் உள்ள கோலுக்குள் எறிய வேண்டும். கோலுக்கு முன்னால் 6 மீட்டரில் ஒரு கோடு, அதற்குள்ளே கோல்கீப்பர் மட்டும்தான் நிற்கலாம். ஆனால் எறிகிறவர்கள் கோட்டுக்கு வெளியே காலை ஊன்றி, உள்ளே பாய்ந்து, காற்றில் இருக்கும்போதே எறியலாம். சிக்கல் அங்கேதான்.

எஞ்சினியர் புத்தி, கணக்குப் போடாமல் இருக்க முடியாது. மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பந்து வருகிறது என்று வையுங்கள். அது விநாடிக்கு 25 மீட்டர். 6 மீட்டரைக் கடக்க 0.24 விநாடி. உள்ளே பாய்ந்து 4 மீட்டரில் இருந்து எறிந்தால் 0.16. மனிதக் கண் ஒன்றைப் பார்த்து, மூளை முடிவெடுத்து, கை அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகிவிடும். அதாவது பந்தைப் பார்த்துவிட்டுத் தடுப்பது என்பதே கிடையாது. பந்து கையை விட்டுக் கிளம்பும் முன்பே எங்கே வரும் என்று முடிவு செய்தாக வேண்டும். எறிபவரின் தோள், முழங்கை, மணிக்கட்டு, குதித்த கால், போன மாதம் இதே இடத்திலிருந்து எங்கே எறிந்தார் என்ற ஞாபகம், எல்லாவற்றையும் சேர்த்து ஒரு ஊகம். அந்த ஊகத்தை நம்பி, கையுறைகூட இல்லாமல், கைகால்களை விரித்து உடம்பைக் குறுக்கே போட வேண்டும்.

அப்படிப் போட்டும் பத்துக்கு மூன்று தடுத்தால் நல்ல கோல்கீப்பர். நான்கு தடுத்தால் அன்றைக்கு அவர்தான் ஹீரோ. மீதி ஆறும் ஏழும் வலைக்குள் போய்க்கொண்டேதான் இருக்கும். கால்பந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது விநோதம். பாரிஸ் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் நார்வே பிரான்ஸை 29-21 என்று வென்றது. எதிரணி 21 கோல் போட்டிருக்கிறது, ஆனாலும் நார்வேயின் தடுப்பு அபாரம் என்று ஊரே கொண்டாடுகிறது!

இதை நான் டிவி பார்த்துக் கற்றுக்கொள்ளவில்லை. ஒன்பது வயது மகளை ஏரியா கிளப்பில் சேர்த்தோம். இங்கே சிறுவர் விளையாட்டுக்கு என்று நாடு முழுக்க ஒரு விதித் தொகுப்பு இருக்கிறது, 1987-இலிருந்து. பிள்ளைக்குப் பதினொரு வயது ஆகிற வருஷம் வரை புள்ளிப் பட்டியல் கிடையாது, யார் முதல் இடம் என்று வெளியிடுவதும் கிடையாது. எல்லாப் பிள்ளைகளும் எல்லா இடத்திலும் மாறி மாறி ஆடுவார்கள். ஒரு சனிக்கிழமை என் மகளின் முறை, கோலில் நின்றாள். பத்துப் பதினைந்து கோல் உள்ளே போயிருக்கும். அடுத்த நாள் ஊருக்குப் போன் போட்டபோது அம்மா கேட்டார்: "ஏம்ப்பா, எல்லாரும் ஓடி விளையாடும்போது நம்ம புள்ளைய மட்டும் ஓரமா நிக்க வெச்சிருக்காங்க? நீ போய் வாத்தியார்ட்ட பேசுனா என்ன?" வீடியோ அனுப்பியது என் தப்பு.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அதே எண்ணம்தான். பயிற்சியாளராக இருந்த இன்னொரு குழந்தையின் அப்பாவிடம் (இங்கே பயிற்சியாளர், நடுவர், வாஃபிள் சுடுகிறவர் எல்லாரும் பெற்றோர்தான், சம்பளம் இல்லை) மெதுவாகக் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னது ஒரே வார்த்தை: "லுண்டே." அன்று இரவு யூடியூபில் தேடத் தொடங்கியதுதான் ஆரம்பம்.

கத்ரினே லுண்டே 1980 மார்ச் 30-ல் பிறந்தார். கிறிஸ்தியான்சான்தான் ஊர். இரட்டைப் பிறவி, சகோதரி கிறிஸ்தினேவும் ஹேண்ட்பால் வீராங்கனை. ஒருத்தி கோலில், இன்னொருத்தி ஆட்டத்தை நடத்தும் நடு இடத்தில். உள்ளூர் கிளப்புகளில் ஆடிவிட்டு, 2004-ல் டென்மார்க்கின் ஆல்போர்க் கிளப்புக்குப் போனார். அங்கிருந்து விபோர். விபோருடன் 2009, 2010 இரண்டு வருஷமும் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் கோப்பை. இடையில் 2008 பெய்ஜிங் ஒலிம்பிக். இறுதிப்போட்டியில் ரஷ்யாவை 34-27 என்று வென்ற நார்வே அணியில் சகோதரிகள் இருவருமே இருந்தார்கள். அதே வருட முடிவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் சிறந்த வீராங்கனை விருது கிறிஸ்தினேவுக்கு. அப்போது பந்தயம் கட்டச் சொல்லியிருந்தால் பலரும் கிறிஸ்தினே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர் பல வருடங்களுக்கு முன்பே விளையாடுவதை நிறுத்திவிட்டார். கத்ரினே நிறுத்தவில்லை.

2010-ல் ஹங்கேரி. அங்கே ஜியோர் என்ற ஊரின் கிளப், பெண்கள் ஹேண்ட்பாலில் பணமும் ஆளும் குவிகிற இடம். ஐ.டி.-யில் சொன்னால், எல்லாரும் ரெஸ்யூமேயில் போட ஆசைப்படுகிற கம்பெனி. 2013, 2014 இரண்டு வருஷமும் அங்கே சாம்பியன்ஸ் லீக். இதில் 2013 இறுதியில் எதிரே நின்றது லார்விக், நார்வே கிளப். 2012 லண்டனில் இரண்டாவது ஒலிம்பிக் தங்கம். 2015-ல் ரஷ்யாவின் ரஸ்தோவ் நகரத்துக் கிளப். 2016 ரியோவில் வெண்கலம்.

இந்த ஊர்ப் பட்டியலைப் படித்தபோது எனக்கு எங்கள் கூட்டத்தின் ஞாபகம்தான் வந்தது. சென்னை, பெங்களூரு, சிங்கப்பூர், பிறகு ஏதோ ஒரு ஐரோப்பிய நகரம். புது மொழி, புது வங்கிக் கணக்கு, புது வீட்டுச் சாவி. நாம் என்னவோ நம்ம ஆட்கள்தான் பிழைப்புக்காகப் பெட்டி கட்டுகிறோம், வெள்ளைக்காரர்கள் பிறந்த ஊரிலேயே சுகமாக இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த விளையாட்டில் நார்வேப் பெண்கள் உலகத்திலேயே முதல் வரிசை. ஆனால் இந்த விளையாட்டை மட்டும் வைத்து நன்றாகச் சம்பாதிக்க வேண்டுமென்றால் டென்மார்க், ஹங்கேரி, ருமேனியா என்று போக வேண்டியதுதான். நார்வே லீக்கில் ஆடுகிற பலர் பக்கத்தில் படிப்போ வேலையோ வைத்துக்கொண்டுதான் ஆடுகிறார்கள். இத்தனை எண்ணெய்ப் பணம் இருக்கிற நாட்டில்!

2017-ல் லுண்டே ஊருக்குத் திரும்பினார். வயது 37, கையில் சின்னக் குழந்தை. மகள் 2015-ல் பிறந்தவள். அப்போது நார்வே லீக்கை லார்விக் பத்து வருஷத்துக்கும் மேலாக யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் வைத்திருந்தது. வைப்பர்ஸ் ஒருமுறைகூட லீக் வென்றதில்லை. வெளியிலிருந்து பார்த்தால் இது கிட்டத்தட்ட ரிட்டயர்மென்ட். பெரிய கம்பெனியில் ஓடி ஓடி அலுத்துப்போய், சொந்த ஊரில் சின்ன வேலை ஒன்றைப் பார்த்துக்கொண்டு அம்மா வீட்டுப் பக்கம் இருப்போம் என்று நம்மில் பலர் கனவு காண்கிறோமே, அது மாதிரி.

நடந்தது வேறு. வந்த முதல் சீசனிலேயே வைப்பர்ஸ் லீக் சாம்பியன். பிறகு 2021-ல் புடாபெஸ்ட்டில் பிரான்ஸின் பிரெஸ்ட் அணியை 34-28 என்று வென்று சாம்பியன்ஸ் லீக். அடுத்த வருஷம் இறுதியில் எதிரே யார் என்றால் அவருடைய பழைய கம்பெனி ஜியோர். 33-31. அதற்கடுத்த வருஷம் ஹங்கேரியின் இன்னொரு பெரிய கிளப், ஃபெரன்ஸ்வாரோஸ். 28-24. ஆக மொத்தம் மூன்று வெவ்வேறு நாட்டுக் கிளப்புகளோடு ஏழு சாம்பியன்ஸ் லீக் கோப்பைகள், அதில் மூன்று 40 வயதுக்குப் பிறகு.

வைப்பர்ஸின் சொந்த அரங்கம் எப்படி இருக்கும் தெரியுமா? அக்வராமா என்று பெயர். பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது, ஏனென்றால் அது ஊர் நீச்சல்குளத்தோடு சேர்ந்த கட்டடம். ஒருபக்கம் குடும்பங்கள் துண்டோடு போய்க்கொண்டிருக்கும். இன்னொருபக்கம் சுமார் 2000 பேர் உட்காரும் அரங்கில் ஐரோப்பாவின் சாம்பியன் ஆடிக்கொண்டிருக்கும். எனக்கு அதைக் கேட்டபோது பிடித்திருந்தது. பிறகு யோசித்தால், 2000 பேருக்கு டிக்கெட் விற்று உலகத் தரமான வீராங்கனைகளுக்கு எப்படிச் சம்பளம் கொடுத்தார்கள் என்ற கேள்வி வருகிறது.

கொடுக்க முடியவில்லை என்பதுதான் பதில். 2024 அக்டோபரில் கிளப் நிர்வாகம் திவால் என்று அறிவித்தது. ஊர் பதறியது. சில நாட்களில் புதுப் பணம் வந்தது, காப்பாற்றிவிட்டோம் என்றார்கள். வீராங்கனைகள் தொடர்ந்து ஆடினார்கள். டிசம்பரில் நார்வேக்காக ஆடித் தங்கம் வாங்கினார்கள். ஜனவரியில் மறுபடியும் பணம் இல்லை, இந்த முறை நிஜமாகவே முடிந்தது. சீசன் பாதியில் கிளப் காணாமல் போனது.

இங்கே பலரும் பெண்கள் விளையாட்டுக்கு ஸ்பான்சர்கள் வரவில்லை, டிவி பணம் போதவில்லை என்று எழுதினார்கள். அது உண்மைதான். ஆனால் முழு உண்மை என்று நான் நம்பவில்லை. வரவு எவ்வளவு என்று தெரிந்தும், கோப்பை வந்தால் பணம் பின்னால் வரும் என்று நம்பிச் செலவு செய்கிற நிர்வாகத்தை ஸ்டார்ட்அப் உலகத்தில் நாம் பார்த்ததில்லையா? கோப்பை வந்தது, மூன்று முறை வந்தது, பணம் வரவில்லை. முன்னாள் சாம்பியன் லார்விக்கும் 2011-ல் ஐரோப்பாவை வென்றுவிட்டுப் பிறகு பணக் கஷ்டத்தில் தள்ளாடிய கிளப்தான். கண்ணெதிரே பாடம் இருந்தது. தோற்றதற்காக வேலை போனால் ஒரு நியாயம் இருக்கிறது. ஜெயித்துக்கொண்டே இருக்கும்போது போவதுதான் கசக்கிறது.

கேன்டீனில் ஸ்பூன் நின்ற காரணத்துக்கு வருகிறேன். இரண்டு வருஷங்களுக்கு முன்பு எனக்கும் ஒரு பதினைந்து நிமிட மீட்டிங் இன்வைட் வந்தது. தலைப்பில் ஒன்றும் இல்லை, ஹெச்.ஆர். பெயர் மட்டும் இருந்தது. அதற்கு முந்தைய மாதம்தான் எங்கள் டீமுக்குப் பாராட்டு மெயில். திறமைத் தொழிலாளர் விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் இங்கே புது வேலை தேட ஆறு மாதம் அவகாசம். ஐந்தாவது மாதத்தில் எனக்கு வேறு வேலை கிடைத்தது. கூட இருந்த ஒரு சீனியர், நாற்பதுகளின் நடுவில் இருந்தவர், கேரளாக்காரர், குடும்பத்தோடு ஊருக்குத் திரும்பினார். அவர் எழுதிய கோடு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்டர்வியூக்களில் அவரிடம் யாரும் நேரடியாக வயதைப் பற்றிச் சொல்லவில்லை. "டீம் கல்ச்சர்" என்றார்கள்.

நம்ம தொழிலில் 40 தாண்டினால் மேனேஜர் ஆகு, இல்லாவிட்டால் ஒதுங்கு என்பது எழுதாத சட்டம். கைவேலை தெரிந்தவன் கைவேலையிலேயே இருந்தால் எங்கோ தோற்றுவிட்டான் என்று அர்த்தம். சொந்தக்காரர்கள் கல்யாணத்தில் கேட்கிற முதல் கேள்வி, "இன்னும் நீயேவா கோடிங் பண்றே?"

லுண்டே விஷயத்தில் என்னை இழுத்தது இதுதான். அவர் பயிற்சியாளர் ஆகவில்லை, நிர்வாகி ஆகவில்லை. அதே கோல், அதே 6 மீட்டர், அதே வேலை. தேசிய அணிக்காக முதலில் ஆடியது 2002-ல். அதிகப் போட்டிகள் ஆடிய நார்வே வீராங்கனை என்ற சாதனை முன்பு கரோலினே டியூரே பிரெய்வாங்கிடம் இருந்தது, 305 போட்டிகள். லுண்டே 350-ஐயும் தாண்டிவிட்டார்.

வயதான உடம்பு 20 வயது உடம்போடு எப்படிப் போட்டி போடுகிறது? மேலே போட்ட கணக்கைத் திரும்பப் பாருங்கள். பந்தைப் பார்த்துத் தடுக்க 20 வயதுக்காரருக்கும் நேரம் கிடையாது. இந்த வேலையில் வேகத்துக்கு ஒரு எல்லை இருக்கிறது, ஞாபகத்துக்கு இல்லை. எறிபவரின் தோள் எந்தக் கோணத்தில் சாய்ந்தால் பந்து எங்கே வரும் என்பதை 20 வருஷமாகச் சேர்த்து வைத்திருக்கும் மூளைக்கு அந்தக் கால் விநாடியில் ஒரு சலுகை கிடைக்கிறது. மற்ற இடங்களில் ஆடுகிறவர்களுக்கு இந்தச் சலுகை குறைவு, ஓட வேண்டும், மோத வேண்டும், முழங்கால் போய்விடும். அதற்காகக் கோல்கீப்பர் வேலை சொகுசு என்று நினைக்க வேண்டாம். இடுப்பு உயரத்துக்குக் காலைத் தூக்கி, கிட்டத்தட்ட நம்ம ஊர் நாட்டியக்காரர்கள் மாதிரி விரித்து, ஒரு மணிநேர ஆட்டத்தில் பலமுறை செய்ய வேண்டும். நான் கூடத்தில் ஒருமுறை செய்து பார்த்தேன். இரண்டு நாள் மாடிப்படி ஏற முடியவில்லை.

அவர் தனியாக நிற்கவும் இல்லை. பல வருஷமாக அவரும் சில்யே சோல்பர்க்கும் தேசிய அணியின் கோலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஒருவருக்கு அன்றைக்கு ஓடவில்லை என்றால் மற்றவர் இறங்குவார். 2009 முதல் 2024 முடிவு வரை பயிற்சியாளராக இருந்த ஐஸ்லாந்துக்காரர் தோரிர் ஹெர்கெய்ர்சன் வீராங்கனைகளை மாற்றி மாற்றி இறக்குவதில் பெயர் பெற்றவர். பாரிஸில் முதல் போட்டியிலேயே ஸ்வீடனிடம் தோற்றது நார்வே. பிறகு ஒன்றிலும் தோற்கவில்லை.

இதற்கு முந்தைய இரண்டு ஒலிம்பிக்குகளிலும் அரையிறுதியில் ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தங்கம் நழுவியது. ரியோவில் ரஷ்யாவிடம் கூடுதல் நேரத்துக்குப் பிறகு 38-37, டோக்கியோவில் ரஷ்ய ஒலிம்பிக் கமிட்டி அணியிடம் 27-26. டோக்கியோ முடிந்தபோது அவருக்கு 41. அங்கேயே போதும் என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். இரண்டு தங்கம், இரண்டு வெண்கலம், மரியாதையான ஓய்வு. லண்டன் தங்கத்துக்கும் பாரிஸ் தங்கத்துக்கும் நடுவே 12 வருஷம். என் மகள் பிறந்து, நடந்து, பள்ளிக்கூடம் போய், என்னுடைய நார்வீஜிய உச்சரிப்பைத் திருத்துகிற வயதுக்கு வந்துவிட்டாள், அத்தனையும் அந்த இடைவெளிக்குள் அடங்கும்.

சரி, ஜனவரிக்குப் பிறகு என்ன ஆனது? திவால் செய்தி வந்த மாதமே லுண்டே டென்மார்க்கின் ஒடென்சே கிளப்பில் சேர்ந்தார். 2004-ல் எந்த நாட்டுக்கு முதல்முதலாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாரோ, அதே நாட்டுக்கு 21 வருஷம் கழித்து மறுபடியும். 2025 மார்ச் 30-ல் அவருக்கு 45 ஆனது. பதக்கங்கள் நிறைந்த ரெஸ்யூமே இருப்பதால் அவருக்கு உடனே இடம் கிடைத்தது. வைப்பர்ஸில் இருந்த சின்ன வயசுப் பெண்களும், அலுவலகத்தில் டிக்கெட் விற்றவர்களும், பிசியோதெரபிஸ்ட்டும் எங்கே போனார்கள் என்று எந்தப் பத்திரிகையும் அத்தனை பெரிய எழுத்தில் போடவில்லை. என் கேரள நண்பர் ஞாபகத்துக்கு வருவது அவர்களை நினைக்கும்போதுதான், லுண்டேவை நினைக்கும்போது அல்ல.

இங்கே நார்வேயில் இருக்கிற தமிழ் வீடுகளில் இப்போது நிறைய பெண் குழந்தைகள் ஹேண்ட்பால் ஆடுகிறார்கள். மேட்ச் சனிக்கிழமை, தமிழ் வகுப்பு சனிக்கிழமை, நடன வகுப்பும் சனிக்கிழமை. பத்தாம் வகுப்பு வந்ததும் "படிப்பு முக்கியம்" என்று முதலில் வெட்டப்படுவது எது என்று உங்களுக்கே தெரியும். வைப்பர்ஸ் கதையைக் கேட்டதும் ஒரு நண்பர் உடனே சொன்னார்: "பாத்தியா, உலக சாம்பியனுக்கே இந்த கதி. நம்ம புள்ளைங்க ஒழுங்கா டிகிரி முடிக்கட்டும்." அவருக்கு நான் என்ன சொல்வது? டிகிரி முடித்த நாங்கள் இருவருமே ஒரே வருஷத்தில் வேலை தேடி அலைந்தவர்கள். அதை நினைவுபடுத்தினேன், அவருக்குக் கோபம் வந்துவிட்டது. காபியாவது குடித்துவிட்டுப் போயிருக்கலாம்.

மகள் இப்போது முறை வராத நாட்களிலும் கோலில் நிற்கிறேன் என்று கேட்டு நிற்கிறாள். போன வாரம் காலால் ஒன்றைத் தடுத்தாள். மீதி எத்தனை போனது என்று நான் எண்ணவில்லை, எண்ணக்கூடாது என்பதுதான் இங்கே விதி. அம்மாவுக்கு வீடியோ அனுப்பினேன், அந்த ஒரு பந்தை மட்டும் வெட்டி. வரும் சனிக்கிழமை வாஃபிள் கடையில் எனக்கு எட்டு முதல் பதினொன்று வரை டியூட்டி. மாவு ரெடி.